வெள்ளைத் தாளில் நாற்பத்தொரு கையெழுத்து

சின்னுசாமியின் கிழங்குக் காட்டு ஓரத்தில் பத்தடி அகலத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்ட அன்று, கல்லாங்காட்டு மேலூர்ப் பிள்ளைகளும் காலனிப் பிள்ளைகளும் ஒரே தட்டில் கைவிட்டு மிக்சர் தின்றார்கள். அது நடந்து இரண்டு மாதம் ஆகிறது.

அந்தக் கோட்டை மழை கரைத்துவிட்டது. ஆனாலும் அது எங்கே ஓடியது என்று மயிலம்மாளுக்குக் கண்ணை மூடிக்கொண்டும் சொல்லத் தெரியும். காலனியிலிருந்து ஓடைக்கரை மயானத்துக்கு ஒரு பாதை வரும் என்று, பிறந்ததிலிருந்து அவளிடம் யாரும் சொன்னதே இல்லை. சொன்னது அவள் மகள் மலர்விழி. கூடச் சேர்ந்து சொன்னது சின்னுசாமியின் மகன் சபரிநாதன்.

இன்றைக்குக் காலையில் களைக்கொத்தைத் தோளில் போட்டுக்கொண்டு காட்டுக்குள் நுழைந்தவள், அந்தக் கோடு ஓடிய இடத்தில் டிராக்டர் நிற்பதைப் பார்த்தாள். டிரெய்லரிலிருந்து இரண்டு ஆட்கள் கல்லுக்கால்களை உருட்டித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு கால் ஏற்கெனவே நட்டாகியிருந்தது.

"ஏ மயிலு, இதென்னடி? பொணம் போற வழிக்கு கேட்டுப் போடறாங்களா?" என்றாள் கூட வந்த சௌந்திரம். எதையும் கேலி பேசாமல் அவளால் ஒரு பொழுதைத் தள்ள முடியாது.

"கேட்டு எங்கடி இருக்குது? சுருளு சுருளா முள்ளுக்கம்பி கெடக்குது பாரு."

சௌந்திரம் பார்த்தாள். அந்த ஒரு நிமிசம் அவளுக்கும் கேலி வரவில்லை.

சின்னுசாமி வரப்பு மேல் நின்று ஆள்களுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார். மயிலம்மாள் பத்தடி தள்ளியே நின்றாள். கேட்க வேண்டியதை நெஞ்சுக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

"ஏனுங்க பண்ணாடி, பாதையில கல்லு நடறாங்களே?"

"எந்தப் பாதை?"

"கோடு போட்டீங்களே. சபரித்தம்பி கயிறு புடிச்சாரு. நீங்கதான் சுண்ணாம்புச் சட்டியக் கொண்டாந்து குடுத்தீங்க."

"குடுத்தேன். இல்லைங்கல." அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "அதுக்கப்புறம் உங்காளுங்களே பாதை வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டீங்க. வேண்டாம்ங்கறவங்களுக்கு நான் வம்பா வழி உடணுமா?"

"ஆருங்க எழுதிக் குடுத்தது?"

"ஆரா? நாப்பத்தியொரு பேரு. கிராம ஆபீசுல இருக்குது, போய்ப் பாரு. உங்கையெழுத்து மூணாவதா இருக்குது." கொஞ்சம் நிறுத்திவிட்டு, பாராட்டுகிற மாதிரியே சொன்னார்: "நல்லாத்தான் போட்டிருக்கற, மயிலா."

அவர் கோபமாகப் பேசியிருந்தால் தேவலாம் போலிருந்தது. 

களைக்கொத்தை சௌந்திரத்தின் கையில் கொடுத்தாள். "வாரேன்டி" என்று மட்டும் சொன்னாள்.

"போ, போ. நீ இல்லீன்னா களை எந்திரிச்சு ஓடிப்போயிராது" என்றாள் சௌந்திரம். "கெழவி மாராயி வேற இன்னைக்கோ நாளைக்கோன்னு இழுத்துட்டுக் கெடக்கறா. என்னன்னு கேட்டுட்டு வா."

ஆபீசுக்கு ஒன்றரை மைல். மயிலம்மாள் பஸ்ஸுக்கு நிற்கவில்லை.

கோடு போட்ட அந்தப் பிள்ளைகள் ஏழு பேர். மேலூரில் நாலு, காலனியில் மூன்று. எல்லாரும் காலேஜ் படித்தவர்கள். சனிக்கிழமைகளில் பால் சொசைட்டி ஷெட்டில் கூடினார்கள். காலனிப் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். மாதம் ஒருதரம் இரண்டு பக்கத்து ஆட்களையும் வட்டமாக உட்கார வைத்து மனசில் இருப்பதைப் பேசச் சொன்னார்கள். ஒருத்தர் பேசும்போது மற்றவர் பதில் பேசக் கூடாது. இங்கே சொன்னது இந்த ஷெட்டைத் தாண்டக் கூடாது. இரண்டே விதிதான்.

மூன்றாம் மாதம் மயிலம்மாள் பேசினாள். அவள் புருசன் காளியப்பன் செத்த கதையை. ஐப்பசி மழை. காட்டில் கிழங்கு நட்டிருக்கிறது, வரப்பு மிதிக்காதீர்கள் என்று சொல்லிவிட்டார்கள். பாடையைத் தூக்கிக்கொண்டு ஓடைக்குள் இறங்கினார்கள். இடுப்பளவு தண்ணீர். பாடை சாய்ந்து தண்ணீர் ஏறியபோது காளியப்பனின் வலது கை வெளியே வந்து மிதந்தது. மகன் அறிவழகன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே அக்கரை வரைக்கும் போனான். அப்பனும் மகனும் கைபிடித்துத் தேருக்குப் போகிற மாதிரி.

அவள் சொல்லி முடித்தபோது சபரிநாதன் குலுங்கிக் குலுங்கி அழுதான். அதற்கடுத்த வாரந்தான் சுண்ணாம்புக் கோடு.

கோட்டுக்கு அடுத்த வாரம் கையெழுத்து. பாதை கேட்டு அழகாக எழுதிய மனுவை மலர்விழி கொண்டுவந்து, அதன் அடியில் போடச் சொன்னாள். பெண்கள் பின்வாங்கிவிட்டார்கள். பழகி நாலு மாதங்கூட ஆகாத கை. கோணிக்கொண்டு போய் மேலே இருக்கிற எழுத்தின் மேல் ஏறிவிட்டால்?

"நல்ல காயிதத்தைக் கெடுத்துப்போடுவோம் கண்ணு. வெறுங் காயிதம் ஒண்ணு குடு, கோடு போட்டு" என்று கேட்டது வேறு யாரும் இல்லை. மயிலம்மாளேதான்.

சபரிநாதன் சிரித்துக்கொண்டே பையிலிருந்து வெள்ளைத் தாளை எடுத்தான். ஸ்கேல் வைத்து நாற்பத்தொரு கோடு போட்டான்.

கிராம ஆபீசில் உதவியாளர் வீரபாகு பெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தார். கேட்டதும் மனுக் கட்டுக்குள்ளிருந்து தாளை உருவினார்.

"குடு மயிலக்கா, நான் படிச்சுச் சொல்றேன்."

"நானே படிச்சுக்கறேன்."

"பாத்தியா, காலம் மாறிப்போச்சு" என்று அவர் ஒதுங்கி உட்கார்ந்தார்.

இரண்டு தாளைச் சேர்த்துப் பின் குத்தியிருந்தது. பின்னால் இருந்த தாளை அவளுக்குத் தெரியும். முன்னால் இருந்தது கம்ப்யூட்டர் எழுத்து. விரலை வைத்து, ஒவ்வோர் எழுத்தாக உதட்டை அசைத்து, வழியில் நழுவிய சொல்லைத் திரும்பப் பிடித்து, அவள் படித்து முடிக்க அரைமணி நேரம் ஆயிற்று.

'எங்கள் மயானம் ஓடைக்கரையில் இருப்பதால் மழைக்காலத்தில் பெரும் துன்பப்படுகிறோம். ஓடைநீரில் இறந்தவரின் கை மிதந்ததை எங்கள் கண்ணால் கண்டிருக்கிறோம். ஆகவே அந்த மயானமும் அதற்கான பாதையும் எங்களுக்குத் தேவையில்லை. கல்லுக்குழிப் புறம்போக்கில் மாற்று இடம் ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.'

படித்து முடித்தும் விரல் 'கை மிதந்ததை' என்ற இடத்துக்கே திரும்பி வந்து நின்றுவிட்டது. மேற்கொண்டு நகர மாட்டேன் என்றது.

உலகத்தில் அந்தக் கையைப் பற்றி அவள் வாய் திறந்தது ஒரே ஒருதரம்.

"மேடம் வந்துட்டாங்க" என்றார் வீரபாகு.

கிராம நிர்வாக அலுவலர் நர்மதா இந்த ஊருக்கு வந்து ஆறு மாதம். ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே கேட்டாள், "என்னம்மா, ஏன் நின்னுட்டே இருக்கறீங்க? உக்காருங்க."

மயிலம்மாள் உட்காரவில்லை. "இது எங்கையெழுத்துத்தானுங்க. ஆனா நான் சொன்னது இது இல்லீங்க."

நர்மதா மனுவைப் புரட்டிப் பார்த்தாள். அவள் முகத்திலும் ஏதோ ஓடியது. "நாளைக்குக் காலையில ரெவின்யூ இன்ஸ்பெக்டர் சார் எடத்தைப் பாக்க வாராரு. பாத்து எழுதிட்டாருன்னா அப்பறம் மாத்தறது பெரும்பாடு. ஆட்சேபணை இருந்தா இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள எழுதிக் குடுங்க."

"குடுக்கறேனுங்க."

"வெறும்னே ஏமாத்திட்டாங்கன்னு எழுதுனா எடுபடாதும்மா. எப்ப வாங்குனாங்க, எதுக்குன்னு சொல்லி வாங்குனாங்க, வாங்குனது யாரு, பேர் வேணும். இந்தத் தாளை டைப் அடிச்சுக் கொண்டாந்து குடுத்தவங்க பேரு." பதிவேட்டை எட்டிப் பார்த்தாள். "கொண்டாந்தது மலர்விழின்னு இருக்குது. தெரிஞ்ச பொண்ணா?"

மயிலம்மாள், "தெரியுமுங்க" என்றாள்.

வீரபாகு எழுந்து தண்ணீர்க் குடத்துப் பக்கம் போய்விட்டார்.

மலர்விழி வீட்டில்தான் இருந்தாள். காலையில் பைபாஸ் ரோட்டில் ஓடிவிட்டு வந்து, ஷூவைக் கழுவி வாசலில் காயப்போட்டிருந்தாள். போலீஸ் வேலைக்கு எழுத்துப் பரீட்சை முடிந்தது, ஓட்டம் முடிந்தது. ஸ்டேசனிலிருந்து ஊருக்குள் வந்து விசாரித்துவிட்டுப் போவது ஒன்றுதான் பாக்கி. இந்த வாரத்துக்குள் வருவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். காலனியில் இதுவரை யாரும் காக்கி போட்டதில்லை.

"ஏம்மா, களைக்குப் போகலியா?"

"ஆபீசுக்குப் போனேன். படிச்சேன்."

மகள் எதை என்று கேட்கவில்லை. அதிலேயே மயிலம்மாளுக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று. வழியெல்லாம் அவள் மனசுக்குள் ஒரு மூலையில், இவளுக்குத் தெரியாமல் சபரி செய்திருப்பான் என்று ஒரு சிறு நெருப்பை ஊதி ஊதிக் காப்பாற்றிக்கொண்டு வந்திருந்தாள். அது அணைந்தது.

"நீதான் டைப் அடிச்சியா கண்ணு?"

"ம்மா, சொல்றதக் கேளு. சபரியோட அப்பா ஒத்துக்கவே இல்ல. கோடு போட்டது சும்மா, பசங்க மனசு நோகக் கூடாதுன்னு. சபரி ஒரு மாசமா அவருகிட்டச் சண்டை போட்டான். கடைசியிலதான் இந்த வழி. கல்லுக்குழிகிட்டன்னா ரோடு இருக்குது. தண்ணிக் கொழாய், ஷெட்டு, லைட்டு எல்லாம் வரும். யாருகூடவும் சண்டை இல்ல. ரெண்டு பக்கமும் ஒத்துமையா இருக்கலாம்."

"எங்களைக் கேட்டியா?"

"கேட்டா நீங்க ஒத்துக்க மாட்டீங்கம்மா."

சொன்ன பிறகுதான் அவளுக்கே அது காதில் விழுந்தது போலிருந்தது. தலையைக் குனிந்துகொண்டாள்.

"கல்லுக்குழின்னா என்னன்னு தெரியுமா சாமி? பாறை. வெடி வெச்சுத்தான் தோண்டோணும். நம்ம சனம் பொதைக்கற சனம். நாளைக்கு மாராயி போயிட்டா அவளை எங்க வெட்டிப் பொதைக்கறது? உங்கப்பனை ஓடைக்கரையில தனியா உட்டுட்டு நான் மட்டும் பாறையில போய்ப் படுக்கணுமா?"

ஏழு பேரும் உட்கார்ந்து அத்தனை பேசியதில், குழி தோண்டுவது பற்றி யாருக்கும் தோன்றவே இல்லை என்பது மலர்விழியின் முகத்தில் எழுதியிருந்தது.

"அதையும் உட்டுத்தள்ளு" என்றாள் மயிலம்மாள். குரல் உயரவே இல்லை. "அந்தக் கையை ஏன் எழுதுன?"

மலர்விழி வாசல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கேக்கறேனல்ல. அந்தக் கையை ஏன் எழுதுன?"

"படிக்கற ஆபீசருங்க மனசு எளகட்டும்னு..."

"பாதை வேணும்னு அழுதுட்டுச் சொன்னேன். அதையே எடுத்துப் பாதை வேண்டாம்னு எழுதியிருக்கற. புரிஞ்சுக்கணும், புரிஞ்சுக்கணும்னு வட்டம் போட்டு உக்கார வெச்சீங்களே. கடைசியில நாங்க மட்டுந்தான் புரிஞ்சுக்கோணுமா?"

மலர்விழி அழ ஆரம்பித்தாள். மயிலம்மாள் கிட்டப் போகவில்லை. சின்ன வயசிலிருந்து அந்த அழுகைக்கு ஓடிப் பழகிய கால்கள். சுவரில் சாய்ந்து அவற்றைப் பிடித்து நிறுத்திக்கொண்டாள்.

"இப்பவே வேலி வராதும்மா. அங்க எல்லா வசதியும் பண்ணுன அப்பறந்தான்னு சபரி சத்தியம் பண்ணியிருக்கான்."

"பன்னெண்டு கல்லு நட்டாச்சு. போய் எண்ணிப் பாரு."

மலர்விழி அழுகையை நிறுத்தினாள். போனை எடுத்து ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம் அடித்தாள். மூன்றுதரமும் மணி முழுசாக அடித்து ஓய்ந்தது. போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போது அவள் அம்மாவைவிட வயசானவள் போலத் தெரிந்தாள்.

"நான் ஆட்சேபணை எழுதித் தரப் போறேன். உம் பேரை எழுதோணுமாம்."

அதைக் கேட்டுத்தான் மலர்விழி பயந்துபோய் அண்ணனைக் கூப்பிட்டு, விசயத்தைச் சொல்லிப் போனை அம்மாவிடம் நீட்டினாள். அறிவழகன் சங்ககிரியில் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் வெல்டர். பின்னால் கட்டிங் மிஷின் அலற, அவனும் அலறித்தான் பேசினான்.

"ஏம்மா, உனக்குப் பைத்தியமா? நானே அவளை ஆயிரந்தரம் சொன்னேன், மேலூர்க்காரனுங்க கூட மிக்சர் தின்னா ஆயிருமான்னு. கேட்டாளா? அதுக்காக அவ பேரை எழுதுவியா? போலீஸ் வெரிபிகேசன் வர்ற நேரத்துல மனுவுல பேரு ஏறுனா அவ்வளவுதான், வேலை போச்சு! ரெண்டு வருசமா ஓடுனவம்மா அவ!"

"தெரியுஞ்சாமி."

"தெரிஞ்சா சும்மா இரு. பாதை எங்க போயிருது? அப்பறம் பாத்துக்கலாம்."

"அறிவு. அந்த மனுவுல உங்கப்பன் கை மெதந்ததை எழுதியிருக்குது."

மிஷின் மட்டும் அலறிக்கொண்டிருந்தது.

"...அது எப்படித் தெரியும்?"

"நான் சொன்னேன். உன் தங்கச்சி கூட்டத்துல. வெளிய போகாதுன்னாங்க."

அக்கரை வரைக்கும் பிடித்த கையைப் பற்றி அறிவழகன் வீட்டில்கூட வாய் திறந்ததில்லை. கட்டிக்கொண்டவளிடமும் சொல்லியிருக்க மாட்டான். போன் கட்டாயிற்று.

எழுது என்றும் சொல்லவில்லை. எழுதாதே என்றும் சொல்லவில்லை.

மயிலம்மாள் முகம் கழுவி, வேறு சேலை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். வாசலில் ஷூ காய்ந்துவிட்டிருந்தது. வெயில் பட்டுப் பசை விட்டுப்போகுமே என்று, தாண்டுகிறபோது குனிந்து அதை நிழலில் நகர்த்தி வைத்துவிட்டுப் போனாள்.

நாலரை மணிக்கு ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்தாள். வீரபாகு தாளையும் பேனாவையும் வைத்தார். "நான் எழுதித் தரட்டுமாக்கா? நீ சொல்லு, நான் எழுதறேன்."

"வேண்டாந்தம்பி. ஒருதரம் அப்படிக் குடுத்துத்தான் இந்தப் பாடு."

மேலிருந்து ஆரம்பித்தாள். இந்தத் தடவை வெறுந்தாள் அடியில் பெயர் இல்லை. முதலில் சொல்ல வேண்டியதை எழுதினாள்.

'நான் மயிலம்மாள். காளியப்பன் சம்சாரம். நாங்கள் பாதை வேணும் என்று கையெழுத்துப் போட்டோம். வெள்ளைத் தாளில் போட்டோம். பாதை வேண்டாம் என்று சொல்லவே இல்லை. எங்கள் மயானம் எங்களுக்கு வேணும். என் வீட்டுக்காரர் அங்கே இருக்கிறார்.'

வரிகள் கொஞ்சம் மேலே ஏறின, கொஞ்சம் கீழே இறங்கின. ஒன்றின் மேல் ஒன்று மோதவில்லை.

"வாங்குனவங்க பேரும்மா" என்றாள் நர்மதா மெதுவாக. அவளுக்கும் அதற்குள் ஊரில் யாரோ சொல்லியிருக்க வேண்டும். "மணி அஞ்சாகப் போகுது. யோசிச்சு எழுதுங்க. எழுதிட்டீங்கன்னா நான் பதிவு பண்ணித்தான் ஆகணும்."

'சபரிநாதன்' என்று எழுதினாள். அதற்குப் பக்கத்தில் பேனாவை வைத்தாள்.

எழுத்து பழகிய முதல் நாள், உன் பேரை எழுதும்மா என்றுதான் மகள் சொன்னாள். எம் பேரு கெடக்குது, உம் பேரை எழுதிக் காட்டு என்று இவள்தான் அடம்பிடித்தாள். கரித்துண்டால் அடுப்படிச் சுவரில், கோழித் தீவனச் சாக்கில், கிழங்குத் தோலைச் சீவுகிற கத்தி முனையால் மண்ணில் எழுதி எழுதிப் பார்த்த ஐந்து எழுத்து. தன் பெயரை அவள் எழுதிப் பழகியது அதற்குப் பிறகுதான். இன்றைக்கும் கண்ணைக் கட்டிவிட்டாலும் கோணாமல் வருவது அந்தப் பெயர் ஒன்றுதான்.

கோணாமல்தான் வந்தது.

'மலர்விழி.'

நர்மதா தாளை வாங்கிப் படித்தாள். பதிவேட்டைத் திறந்தாள். பேனா மூடியைக் கழற்றிவிட்டு, மயிலம்மாளுக்குப் பின்னால் எதையோ பார்த்து நிறுத்தினாள்.

மயிலம்மாள் திரும்பினாள்.

மலர்விழி வாசற்படியில் நின்றாள். ஓடி வந்திருக்கிறாள், மூச்சு வாங்கியது. முழங்காலிலிருந்து பாதம் வரை செம்மண். காட்டுக்குப் போய்க் கல்லை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள்.

அவள் உள்ளேயும் வரவில்லை, திரும்பிப் போகவும் இல்லை. கையிலிருந்த போன் அடித்துக்கொண்டே இருந்தது. மதியத்திலிருந்து எடுக்காத சபரிநாதன் இப்போது கூப்பிடுகிறான்.

அவள் எடுக்கவில்லை. கட்டும் பண்ணவில்லை. அம்மாவின் கையெழுத்து இருந்த தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மேடம்," என்றாள் கடைசியில், "நானும் ஒண்ணு எழுதிக் குடுக்கணும். ஒரு தாள் குடுங்க."

யாருக்காக எழுதப் போகிறாள் என்று மயிலம்மாளுக்குத் தெரியவில்லை. பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் மட்டும் விட்டாள்.